மூளை ஸ்கேன் தரவுகளை இணையத்தில் பகிர்தல்: காட்சிக் கருவி முதலா, கோப்பு ஒழுங்கு முதலா?

வலைநெசவு | திங்கள், காலை 9:40

அனைவருக்கும் வணக்கம். நான் இணையதளங்கள் அமைக்கும் நிரலாளர். மூளை ஆய்வு என் துறையன்று. மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக் குழுவுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தளம் உருவாக்கிக் கொடுத்தேன். 62 தன்னார்வலர்களின் எம்ஆர்ஐ ஸ்கேன்கள் அதில் உள்ளன. ஒவ்வொருவருக்கும் மூளையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேன் ஒன்றும், கண்ணை மூடி ஓய்வாகப் படுத்திருந்தபோது எடுத்த, மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் ஒன்றும் உண்டு. பார்வையாளர் ஓர் எண்ணைச் சொடுக்கினால் அவருடைய மூளை முப்பரிமாணத்தில் தோன்றும். அதைத் திருப்பியும் வெட்டியும் பார்க்கலாம். அப்போது எல்லோரும் மகிழ்ந்தோம்.

இப்போது இரண்டு சிக்கல்கள் எழுந்துள்ளன. எஃப்எம்ஆர்ஐ பக்கம் திறக்க நான்கு நிமிடம் ஆகிறது. அதைவிடப் பெரியது, சென்ற மாதம் ஒரு முதுநிலை மாணவி மின்னஞ்சலில் கேட்ட எளிய கேள்வி: "திரையில் இடப்பக்கம் தெரிவது அந்த மனிதரின் இடப்பக்கமா, வலப்பக்கமா?" எங்கள் குழுவில் ஒருவராலும் உறுதியாக விடை சொல்ல முடியவில்லை. தளத்தை முழுமையாக மாற்றி எழுத முடிவு செய்துள்ளேன். எந்தக் காட்சிக் கருவியைப் பயன்படுத்தலாம், தரவை எங்கே வைப்பது, எவற்றை வெளியிடலாம், எவற்றை வெளியிடக் கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆறாம்அடுக்கு | திங்கள், பகல் 11:15

அந்த மாணவியின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். காட்சிக் கருவியைத் தேர்ந்தெடுப்பதைச் சில வாரங்கள் தள்ளிவைக்கலாம். இதைத் தள்ளிவைக்க முடியாது.

மூளைப் படங்களை மருத்துவர்கள் பார்க்கும் முறையும் ஆய்வாளர்கள் பலர் பார்க்கும் முறையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. கதிரியக்க மருத்துவர் நோயாளியின் காலடியில் நின்று அவரை நோக்குவதுபோலப் படத்தைக் காண்பார். ஆகவே நோயாளியின் இடப்பக்கம் திரையின் வலப்பக்கத்தில் வரும். ஆய்வாளர்கள் பலர் இடத்தை இடமாகவே காட்டுவார்கள். இரண்டுமே முறையான மரபுகள்தாம். எந்த மரபு பின்பற்றப்பட்டுள்ளது என்பது கோப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பழைய அனலைஸ் வடிவக் கோப்புகளில் இதை ஐயத்துக்கு இடமின்றிக் குறிக்கும் வழக்கம் இல்லாததால், ஆய்வகத்துக்கு ஆய்வகம் பொருள் மாறியது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே 2000களின் தொடக்கத்தில் நிஃப்டி என்னும் கோப்பு வடிவம் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு வோக்ஸலும், அதாவது முப்பரிமாணப் படத்தின் ஒவ்வொரு சிறு கட்டமும், உடலின் எந்தத் திசையில் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி உள்ளது என்று சொல்லும் எண்களின் கட்டம் (அணி) அதன் தலைப்பகுதியிலேயே எழுதப்படும்.

மூளையின் படத்தை மட்டும் பார்த்து இடம் வலம் சொல்வது ஏறக்குறைய இயலாத செயல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இதயம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதுபோல வெளிப்படையான அடையாளம் மூளையில் இல்லை. அதனால்தான் கவனமான ஆய்வகங்களில் ஸ்கேனுக்கு முன் தன்னார்வலரின் வலது நெற்றிப்பொட்டில் வைட்டமின் இ மாத்திரை ஒன்றை ஒட்டிவிடுவார்கள். அதிலுள்ள எண்ணெய் படத்தில் வெண்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி எந்தப் பக்கமோ அதுவே வலப்பக்கம். உங்கள் குழுவினர் அப்படி ஏதும் செய்தார்களா என்று கேளுங்கள். இல்லையெனில் ஸ்கேன் எந்திரம் தந்த மூல டைகாம் கோப்புகளுக்குத் திரும்பிச் சென்று, டிசிஎம்2நிக்ஸ் போன்ற கருவியால் எல்லாவற்றையும் மறுபடி நிஃப்டியாக மாற்றுவது ஒன்றே பாதுகாப்பான வழி.

அவ்வாறு மாற்றும்போதே பிட்ஸ் என்னும் ஒழுங்கைப் பின்பற்றிவிடுங்கள். 2016-ல் வெளியான இந்தப் பொது ஒழுங்கு மிக எளியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை. அதனுள் அமைப்புப் படத்துக்கு ஒன்று, செயல்பாட்டுப் படத்துக்கு ஒன்று என உட்கோப்புறைகள். கோப்பின் பெயரிலேயே ஆளின் எண்ணும் செய்த பணியும் படத்தின் வகையும் வந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசான் என்னும் வடிவில் ஓர் உரைக் கோப்பு இருக்கும். ஒரு முழு மூளைப் படம் எத்தனை நொடிக்கு ஒருமுறை எடுக்கப்பட்டது, அதன் துண்டங்கள் எந்த வரிசையில் எடுக்கப்பட்டன என்பன போன்ற மீத்தரவுகள் அதில் இருக்கும். இவை இல்லாத எஃப்எம்ஆர்ஐ கோப்பை எவ்வளவு அழகாகத் திரையில் சுழற்றிக் காட்டினாலும் வேறோர் ஆய்வாளரால் அதைக்கொண்டு எதுவும் செய்ய இயலாது.

சில்லு | திங்கள், பிற்பகல் 2:05

ஆறாம்அடுக்கு சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் காட்சிக் கருவியைத் தள்ளிவைக்கலாம் என்ற கருத்தில் உடன்பாடு இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்த நான்கு நிமிடத்தைப் பார்ப்போம். வலைநெசவு, அந்தப் பக்கம் பதிவிறக்கும் கோப்பின் அளவு என்ன, எண்கள் எந்த வகையில் சேமிக்கப்பட்டுள்ளன என்று சொல்ல முடியுமா?

வலைநெசவு | திங்கள், மாலை 4:30

அளவு 283 மெகாபைட். பக்கவாட்டில் 64, முன்பின்னாக 64, மேல்கீழாக 36 வோக்ஸல்கள். அதுபோல 240 முறை எடுத்த படங்கள். எண்கள் 64 பிட் தசம எண்களாக உள்ளன.

மாத்திரை பற்றி விசாரித்தேன். முதல் சில மாதங்களில் ஒட்டவில்லையாம்; இருபதாவது தன்னார்வலரிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை நாளாக அந்த வெண்புள்ளியைப் படத்தில் விழுந்த கறை என்றே நினைத்திருந்தேன்.

சில்லு | திங்கள், மாலை 6:20

காரணம் தெரிந்துவிட்டது. ஸ்கேன் எந்திரம் ஒவ்வொரு வோக்ஸலுக்கும் 16 பிட் முழு எண்ணைத்தான் தருகிறது. இடையில் ஏதோ ஒரு செயலாக்கப் படியில் யாரோ அதை 64 பிட் தசம எண்ணாகச் சேமித்துவிட்டார்கள். அளவு நான்கு மடங்கானது. மூல வடிவில் வைத்திருந்தால் 71 மெகாபைட்டுக்குள் அடங்கியிருக்கும். அது மட்டுமன்று. பக்கம் திறந்தவுடன் பார்வையாளருக்குத் தேவைப்படுவது 240 படங்களில் ஒன்றே ஒன்று. அதன் அளவு 300 கிலோபைட்டுக்கும் குறைவு. நிஃப்டி கோப்பை அப்படியே ஜிசிப் முறையில் சுருக்கி வைத்தால் நடுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்து விரிக்க முடியாது. தொடக்கத்திலிருந்து வரிசையாக விரித்தாக வேண்டும். எனவே பதிவிறக்கி ஆராய்வதற்கு ஒரு வடிவமும், திரையில் காட்டுவதற்குத் துண்டுகளாக நறுக்கிய இன்னொரு வடிவமும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எப்போதும் முதலாவதிலிருந்து தானாக உருவாக வேண்டும். கையால் திருத்திய எதுவும் அதில் இருக்கலாகாது.

இந்த நறுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இன்றைய பெரிய மூளைத் தளங்கள் பலவும் இதன் மீதுதான் நிற்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து, வலிப்பு நோய் அறுவையின்போது அகற்றப்பட்ட மனித மூளைப் புறணியின் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர் துண்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து 2021-ல் வெளியிட்டார்கள். அதன் அளவு 1.4 பெட்டாபைட், அதாவது 14 லட்சம் ஜிகாபைட். அதைச் சாதாரண மடிக்கணினியின் உலாவியிலேயே திறந்து, இரு நரம்பணுக்கள் சந்திக்கும் ஒரு தனி சினாப்ஸ் வரை நெருங்கிச் சென்று பார்க்கலாம். கூகுளில் உருவாகிக் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட நியூரோகிளான்சர் என்னும் காட்சிக் கருவி இதைச் சாத்தியமாக்கியது.

வேலை செய்யும் விதம் இதுதான். முழுப் படத்தையும் பக்கத்துக்கு 64 வோக்ஸல் கொண்ட சிறு கனசதுரங்களாக நறுக்கி வைக்கிறோம். பிறகு அதே படத்தைப் பாதி நுணுக்கத்தில் ஒரு பிரதி, அதிலும் பாதியில் ஒரு பிரதி என்று கோபுர அடுக்குப்போல மேலே மேலே சிறுத்துக்கொண்டே போகிறோம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உச்சி அடுக்கின் ஓரிரு துண்டுகள் போதும். நெருங்கிச் செல்பவருக்கு அடி அடுக்கில் அவர் பார்வைக்குள் வரும் துண்டுகள் மட்டும் போதும். முப்பரிமாணத்தில் ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ளதில் எட்டில் ஒரு பங்குதான் என்பதால், எல்லா மேலடுக்குகளையும் கூட்டினாலும் கூடுதல் இடம் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாது. வழங்கியில் தனி நிரல் எதுவும் ஓட வேண்டியதில்லை. கோப்புகளைக் கேட்டால் கொடுக்கும் எளிய சேமிப்பகமே போதும். ஆராய்ச்சி நிதி முடிந்த பிறகும் தளம் உயிரோடு இருக்க இது பெரிதும் உதவும்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உள்ளது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் "தரணி" என்ற பெயரில் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைப் படங்களை 5,132 துண்டங்களாக வெளியிட்டது. செல் அளவு வரை நெருங்கிப் பார்க்கக்கூடிய அந்தத் தொகுப்பு எவரும் உலாவியில் காணத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் 62 ஸ்கேன்களுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாது. அமைப்புப் படம் ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து மெகாபைட்தான் இருக்கும். உலாவியிலேயே நிஃப்டியைத் திறக்கும் நைவியூ போன்ற கட்டற்ற கருவி ஒன்றை உங்கள் பக்கத்தில் பதித்தால் போதும். அது கோப்பின் தலைப்பகுதியிலுள்ள திசை அணியைப் படித்துத்தான் காட்டும். சொந்தமாகக் காட்சிக் கருவி எழுத வேண்டாம் என்பதே என் கருத்து.

பழையதடம் | செவ்வாய், காலை 7:10

இந்த இழையைப் படித்தபோது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய விவாதங்கள் நினைவுக்கு வந்தன. இளையவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எஃப்எம்ஆர்ஐ தரவுகளைப் பொதுவில் சேர்க்கும் முதல் பெரிய முயற்சி, 2000-ஐ ஒட்டி அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் மைக்கேல் கசானிகாவின் முன்முயற்சியால் தொடங்கிய எஃப்எம்ஆர்ஐ தரவு மையம். அவர் அப்போது ஆசிரியராக இருந்த அறிவாற்றல் நரம்பியல் ஆய்விதழில் கட்டுரை வெளியிடுபவர்கள் தங்கள் மூலத் தரவையும் மையத்துக்குத் தர வேண்டும் என்று விதித்தார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. தன்னார்வலர்களின் அந்தரங்கம் என்ன ஆவது, நாங்கள் உழைத்துச் சேர்த்ததைப் பிறர் எடுத்துக்கொள்வார்களே, ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு விதமாகச் சேமிக்கும் தரவை யார் புரிந்துகொள்வார்கள் என்ற மூன்று கேள்விகளும் அன்றே கேட்கப்பட்டன. மூன்றும் நியாயமான கேள்விகள். அன்று பொது ஒழுங்கு எதுவும் இல்லாததால், வந்த தரவை வகைப்படுத்தும் சுமை முழுவதும் மையத்தின் ஊழியர்கள் தலையில் விழுந்தது. நிதி வற்றியபோது புதிய தரவுகளை ஏற்பதும் நின்றது.

அடுத்த அலை வேறு விதமாக வந்தது. 2009 டிசம்பரில், பரத் பிஸ்வால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 35 மையங்களைச் சேர்ந்த 1,414 பேரின் ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன்களை ஒன்றாகத் திரட்டி எவரும் பதிவிறக்கத் திறந்துவிட்டார்கள். வற்புறுத்தல் எதுவுமின்றித் தாமாக முன்வந்து கொடுத்த தரவு அது. காட்சிக் கருவி என்று சொல்லத்தக்க எதுவும் அதனுடன் இல்லை, வெறும் கோப்புகள்.

அந்த வெறும் கோப்புகள் என்ன செய்தன தெரியுமா? 2016-ல் ஆண்டர்ஸ் எக்லண்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பொதுவில் கிடைத்த அத்தகைய தரவிலிருந்து உடல்நலம் உள்ள 499 பேரின் ஓய்வுநிலை ஸ்கேன்களை எடுத்தார்கள். அவர்கள் எந்தப் பணியும் செய்யாமல் படுத்திருந்தவர்கள். ஆகவே அவர்களை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டால் நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே தற்செயலாக வேறுபாடு தெரிய வேண்டும். உலகெங்கும் பயன்பட்ட எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஏஎஃப்என்ஐ ஆகிய மூன்று மென்பொருள்களிலும் சோதித்தபோது, சில அமைப்புகளில் பொய் முடிவுகள் 70 சதவீதம் வரை சென்றன. அவற்றுள் ஒன்றில் 15 ஆண்டுகளாக இருந்துவந்த ஒரு பிழையும் வெளிப்பட்டது. தங்கள் தரவைப் பகிர்ந்தவர்கள் ஒருவரும் இப்படி ஒரு பயன் வரும் என்று எண்ணிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வலைநெசவு, உங்கள் தளத்தில் படத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்றீர்கள். மூலக் கோப்பைப் பதிவிறக்க முடியுமா?

வலைநெசவு | செவ்வாய், காலை 10:00

முடியாது, ஐயா. காட்சி மட்டும்தான். பதிவிறக்கத்தைத் தலைமை ஆய்வாளர் அனுமதிக்கவில்லை. இன்னும் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டியிருப்பதாகவும், அதற்குள் வேறு யாராவது வெளியிட்டுவிட்டால் மாணவர்களின் பட்டம் பாதிக்கப்படும் என்றும் சொல்கிறார். அவர் கவலையைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை.

பழையதடம் | செவ்வாய், பகல் 12:25

தவறென்று நானும் சொல்ல மாட்டேன். சிறிய ஆய்வகத்தில் 62 பேரை ஸ்கேன் செய்வது ஆண்டுக்கணக்கான உழைப்பு. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பொதுக் களஞ்சியங்கள் பதிவேற்றிய தரவைச் சிறிது காலம் மூடி வைத்திருக்க இடம் தருகின்றன. திறக்கும் நாளை முன்கூட்டியே குறித்துவிட்டு, அதற்குள் மாணவர்கள் கட்டுரைகளை முடிக்கட்டும். இரண்டாவது, தரவுத் தொகுப்புக்கென்றே டிஓஐ என்னும் நிலையான இணைய அடையாள எண் ஒன்றைப் பெற்று, தரவை விளக்கும் தனிக் கட்டுரையை மாணவர் பெயரில் வெளியிடுதல். பிறகு பயன்படுத்துவோர் அதை மேற்கோள் காட்டுவார்கள். அதுவும் மாணவரின் படைப்பாகவே எண்ணப்படும்.

தரவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை உள்ளது. ரஸ்ஸல் போல்ட்ராக் தொடங்கிய ஓப்பன்எஃப்எம்ஆர்ஐ இன்று ஓப்பன்நியூரோ என்ற பெயரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. பிட்ஸ் ஒழுங்கில் இல்லாத தரவை அது ஏற்பதே இல்லை. பதிவேற்றும்போதே சரிபார்ப்பு நிரல் தவறுகளைச் சுட்டிக்காட்டிவிடும். டார்ட்மவுத்தில் ஊழியர்கள் சுமந்த பாரத்தை இங்கே அந்த ஒழுங்கு சுமக்கிறது. மூலத் தரவு அத்தகைய இடத்தில் இருக்கட்டும். உங்கள் தளம் அதற்கு ஒரு சாளரமாக இருக்கட்டும். உங்கள் கல்லூரியின் வழங்கி பழுதானாலும் தரவு அழியாது.

கண்காணி | செவ்வாய், மாலை 5:45

நான் மருத்துவர், ஒரு நெறிமுறைக் குழுவில் சில ஆண்டுகள் பணியாற்றியவள். பதிவிறக்கம், களஞ்சியம் என்று பேச்சு வேகமாகப் போவதால் சற்று நிறுத்திக் கேட்கிறேன். அந்த 62 பேரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருந்தது? "ஆய்வுக் குழுவினர் மட்டும் பயன்படுத்துவார்கள்" என்று எழுதியிருந்தால், பெயரை நீக்கிவிட்டதாலேயே உலகுக்குக் கொடுத்துவிட முடியாது.

பெயரை நீக்குவதும் போதுமானதன்று. அமைப்பு ஸ்கேனில் மூளை மட்டும் இருப்பதில்லை. மூக்கு, கன்னம், காது உள்பட முழு முகமும் இருக்கிறது. 2019-ல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 தன்னார்வலர்களின் எம்ஆர்ஐ ஸ்கேன்களிலிருந்து முகத்தைத் திரும்ப உருவாக்கி, அவர்களுடைய புகைப்படங்களோடு பொதுச் சந்தையில் கிடைக்கும் முகமறி மென்பொருளைக் கொண்டு ஒப்பிட்டார்கள். 70 பேரை அது சரியாக அடையாளம் கண்டது. வலைநெசவு, உங்கள் தளத்தில் முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்கலாம் என்றீர்கள். அந்த உருவத்தில் முகம் தெரிகிறதா என்று இன்றே பாருங்கள்.

வலைநெசவு | செவ்வாய், மாலை 6:10

பார்த்தேன். ஒளிபுகு அளவைக் குறைத்தால் முகம் தெரிகிறது. தளத்தைத் தற்காலிகமாக மூடிவிட்டேன். தலைமை ஆய்வாளரிடமும் சொல்லிவிட்டேன்.

கண்காணி | செவ்வாய், இரவு 8:30

நல்லது, உடனே செய்தீர்கள். முகப் பகுதியை நீக்கும் கட்டற்ற கருவிகள் உள்ளன, பைடீஃபேஸ் அவற்றுள் ஒன்று. ஆனால் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். சில வேளைகளில் மூக்கு மிஞ்சிவிடும். சில வேளைகளில் முகத்தோடு சேர்த்து மூளையின் முன்பகுதியையும் வெட்டிவிடும். முகம் நீக்காத மூலப் படத்தைப் பூட்டிய இடத்தில் தனியே வைத்திருங்கள். மூளையின் காந்த அலைகளையோ மின் அலைகளையோ பதிவு செய்யும் ஆய்வுகளில் மூக்கின் அடித்தண்டும் காதோரப் புள்ளிகளும் அளவுக்குறிகளாகப் பயன்படுவதால், பின்னாளில் அது தேவைப்படலாம்.

டைகாம் தலைப்பகுதியில் பிறந்த நாள், ஸ்கேன் எடுத்த நேரம், மருத்துவமனை எண் ஆகியவை இருக்கும். அவை மாற்றும்போது கூடவே வந்துவிடாமல் பாருங்கள். ஆனால் சிறு தொகுப்பில் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குவது பங்கேற்பாளர் அட்டவணை. வயது, பாலினம், இடக்கை வழக்கம், ஊர், தொழில் என்று ஐந்து நெடுவரிசைகள் இருந்தால், 62 பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்கப் படமே தேவையில்லை. ஊரையும் தொழிலையும் நீக்குங்கள். வயதை ஐந்தாண்டு வீச்சாக எழுதுங்கள். 2023-ல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் சம்மதம்தான். பழைய படிவம் போதாது என்றால் மறுபடி அவர்களைத் தேடிச் சென்று கேளுங்கள்.

நிறமாலை | புதன், காலை 8:50

தரவு, அந்தரங்கம் பற்றி நிறைய பேசியாகிவிட்டது. திரையில் எப்படிக் காட்டுவது என்பது பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் காட்சியும் பொய் சொல்லக்கூடும்.

முதலாவது வண்ணம். செயல்பாட்டு வரைபடங்களை வானவில் நிறங்களில் காட்டும் வழக்கம் இன்றும் போகவில்லை. வானவில்லில் மஞ்சள் பட்டை கண்ணை உறுத்தும் அளவுக்குப் பளிச்சென்று இருப்பதால், மதிப்பு சீராக ஏறும் இடத்திலும் ஓர் எல்லைக்கோடு இருப்பதுபோலத் தோன்றும். தரவில் இல்லாத எல்லையைக் கண் உருவாக்கிக்கொள்ளும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்குப் படமே பொருளற்றுப் போகும். விரிடிஸ் போன்று ஒளிர்வு சீராக ஏறும் வண்ண வரிசையைப் பயன்படுத்துங்கள். பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகம் தன் 2.0 பதிப்பில் அதையே இயல்பு வண்ணமாக்கியது இந்தக் காரணத்தால்தான்.

இரண்டாவது வரம்பு. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வோக்ஸல்களை மட்டும் நிறம் பூசிக் காட்டி, மற்றவற்றைச் சாம்பலாக விட்டுவிடும் படம் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அந்த வரம்பை யார் வைத்தார்கள், எத்தனை ஆயிரம் வோக்ஸல்களைச் சோதித்துவிட்டு வைத்தார்கள் என்பது படத்தில் தெரியாது. 2009-ல் கிரெய்க் பென்னட்டும் உடனிருந்தவர்களும் இறந்த சால்மன் மீன் ஒன்றை எஃப்எம்ஆர்ஐ எந்திரத்தில் வைத்து, மனிதரின் படங்களைக் "காட்டி", பன்முறைச் சோதனைக்கான திருத்தம், அதாவது ஆயிரக்கணக்கான வோக்ஸல்களைச் சோதிக்கும்போது சில தற்செயலாகவே வரம்பைத் தாண்டுவதை ஈடுசெய்யும் திருத்தம், செய்யாமல் பகுத்தார்கள். மீனின் மூளையில் செயல்பாடு தெரிந்தது. திருத்தம் செய்ததும் அது மறைந்துவிட்டது. உங்கள் தளத்தில் வரம்பை நகர்த்தும் பட்டை ஒன்று வையுங்கள், அது நிற்கும் எண் எப்போதும் திரையில் தெரியட்டும். வரம்பு வெட்டாத முழு வரைபடத்தையும் பதிவிறக்கக் கொடுங்கள். நியூரோவால்ட் என்னும் களஞ்சியம் வரம்பு வெட்டாத வரைபடங்களைச் சேகரிப்பதற்காகவே அமைக்கப்பட்டது.

அதன் பயனை 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் காணலாம். 108 பேரின் ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரு குழுவும் ஒரே வழியில் பகுக்கவில்லை. ஆம், இல்லை என்ற முடிவுகளிலும் பெருத்த வேறுபாடு. ஆனால் குழுக்கள் தந்த வரம்பு வெட்டாத வரைபடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, முடிவில் முரண்பட்ட பல குழுக்களின் வரைபடங்களும் பெரிதும் ஒத்திருந்தன. வரம்புக்குப் பிந்தைய படத்தை மட்டும் பகிர்ந்திருந்தால் இந்த ஒற்றுமை கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

சில்லு | புதன், பகல் 1:15

திங்களன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். கோப்பு ஒழுங்கு முடிந்த பிறகுதான் காட்சி என்று எண்ண வேண்டாம். இந்த இழையில் நடந்ததையே பாருங்கள். இடம் வலம் பற்றிய சிக்கல் ஒரு மாணவி திரையைப் பார்த்ததால் வெளிவந்தது. முகம் தெரிவதும் திரையில் பார்த்ததால்தான் தெரிந்தது. படத்தைக் கண்ணால் பார்க்காமல் சரிபார்ப்பு நிரலை மட்டும் ஓட்டினால், ஒழுங்கான பெயரோடு தவறான கோப்பு உட்கார்ந்திருக்கும். நிரல் அதைப் பிழையில்லை என்றே சொல்லும்.

காட்சிக் கருவி ஆய்வின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்ட நிகழ்வும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃப்ளைவயர் திட்டம், பழ ஈயின் முழு மூளையிலுள்ள 139,255 நரம்பணுக்களையும் அவற்றின் இணைப்புகளையும் 2024 அக்டோபரில் வெளியிட்டது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து நரம்பணுக்களைக் கணினியே முதலில் பிரித்தது. ஆனால் இரண்டு நரம்புகளை ஒன்றாகச் சேர்ப்பது, ஒன்றை நடுவில் துண்டிப்பது போன்ற தவறுகள் ஏராளம். பல நாடுகளின் ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் உலாவியில் அந்த நரம்பைத் திருப்பிப் பார்த்து, தவறான இணைப்பை வெட்டி, அறுந்ததைச் சேர்த்துத் திருத்தினார்கள். ஒருவர் செய்த திருத்தம் உடனே மற்றவர் திரையிலும் தெரியும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறும் பதிவாகும். அந்தத் திருத்த வேலைக்கு மட்டும் ஏறத்தாழ 33 மனித ஆண்டுகள் ஆனதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இணையக் காட்சிக் கருவி இல்லாமல் அந்த வரைபடம் உருவாகியிருக்காது.

ஆறாம்அடுக்கு | புதன், பிற்பகல் 3:40

ஏற்கிறேன். காட்சியைத் தள்ளிவைக்கச் சொன்னது என் தவறு. பொதுமக்களுக்குக் காட்டும் அழகிய பக்கத்தைத்தான் தள்ளிவைக்கச் சொல்லியிருக்க வேண்டும். குழுவினர் தமக்குள் ஒவ்வொரு ஸ்கேனையும் பார்த்துச் சரிபார்க்கும் எளிய பக்கம் முதல் நாளே வேண்டும். தலை அசைந்ததா, படம் மங்கியதா என்று அளந்து ஒவ்வொருவருக்கும் ஓர் அறிக்கைப் பக்கம் தரும் எம்ஆர்ஐகியூசி என்னும் கருவி, பிட்ஸ் கோப்புகளின் மீது நேரடியாக இயங்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

வடமுனை | புதன், இரவு 9:20

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், மருத்துவ பீடமொன்றில் மாணவர்களுக்கு உடற்கூற்றியல் கற்பிக்கிறேன். இத்தகைய தளங்களை வகுப்பறையில் பயன்படுத்த நாங்கள் பெரிதும் விரும்புகிறோம். ஆனால் இணைய இணைப்பு வேகம் குறைந்த நாட்களில் எதுவும் திறப்பதில்லை. சில்லு சொன்ன அடுக்கு முறை எங்களைப் போன்றவர்களுக்கே மிகத் தேவை: முதலில் தெளிவு குறைந்த படம் வந்துவிட்டால் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

இன்னொரு வேண்டுகோள். மூளைப் பகுதிகளின் பெயர்களைத் தமிழிலும் காட்ட முடியுமா? பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்பவை பள்ளியிலிருந்தே மாணவர்கள் அறிந்த சொற்கள். தன்னார்வலரின் குடும்பத்தினர் என்றேனும் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அவர்களுக்கும் ஏதேனும் புரிய வேண்டாமா?

சில்லு | புதன், இரவு 10:05

முடியும்; இப்போதே திட்டமிட்டால் எளிது. படக் கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் மட்டும் இருக்கட்டும். அந்த எண்ணுக்கு உரிய பெயர் தனி அட்டவணையில் இருக்கட்டும்; அதில் மொழிக்கு ஒரு நெடுவரிசை. தமிழ்ச் சொல் உறுதியாகாத நுண்பகுதிகளுக்கு ஹிப்போகாம்பஸ், தலாமஸ் என்றே எழுதிவிடலாம். பின்னர் நல்ல சொல் கிடைத்தால் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும். பெயரையே நிரலுக்குள் எழுதிவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. எந்த மூளை வரைபடத்தின் எந்தப் பதிப்பிலிருந்து எல்லைகள் எடுக்கப்பட்டன என்பதையும் அதே அட்டவணையின் தலையில் எழுதுங்கள். பதிப்புக்குப் பதிப்பு எல்லைகள் மாறுகின்றன.

வலைநெசவு | பத்து நாட்களுக்குப் பின், சனி, காலை 11:30

இதுவரை செய்ததைத் தெரிவிக்கிறேன். மருத்துவமனையின் சேமிப்பிலிருந்தும் பழைய குறுவட்டுகளிலிருந்தும் டைகாம் கோப்புகளைத் தேடியெடுத்து மறுபடி மாற்றினோம். 60 பேருடையவை கிடைத்தன. இரண்டு குறுவட்டுகளைப் படிக்க முடியவில்லை. அந்த இருவரின் படங்களும் தொடக்க காலத்தவை; மாத்திரை ஒட்டப்படாதவை, அனலைஸ் வடிவில் மட்டுமே எஞ்சியவை. திசையை எந்த வழியிலும் உறுதிசெய்ய முடியாததால் அவற்றை வெளியீட்டிலிருந்து விலக்கினோம். மாத்திரை ஒட்டிய ஸ்கேன்கள் ஒவ்வொன்றிலும் வெண்புள்ளியைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தோம். புதிய கோப்புகள் அனைத்திலும் அது வலப்பக்கமே உள்ளது. என் பழைய தளத்தில் எல்லாமே இடம் வலம் மாறித்தான் காட்டப்பட்டிருந்தன. கேள்வி கேட்ட மாணவிக்கு அதை எழுதித் தெரிவித்துவிட்டேன்.

எஃப்எம்ஆர்ஐ பக்கம் இப்போது இரண்டு நொடியில் திறக்கிறது. முகம் நீக்கியதில் மூன்று படங்களில் மூக்கின் நுனி மிஞ்சியிருந்தது. அவற்றைத் தனியே சரிசெய்தோம். மாணவர்களின் கட்டுரைகளுக்காக ஓராண்டு மூடி வைத்துப் பிறகு திறப்பதற்குத் தலைமை ஆய்வாளர் சம்மதித்துவிட்டார்.

கண்காணி அவர்களே, பழைய படிவத்தில் நீங்கள் அஞ்சியபடியே "ஆய்வுக் குழுவினர் மட்டும்" என்றே இருந்தது. 60 பேரில் 51 பேரை இதுவரை தொடர்புகொண்டோம். 48 பேர் சம்மதித்தார்கள், மூவர் வேண்டாம் என்றார்கள். ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை: "இப்போது சரி என்கிறேன், தம்பி. இரண்டு வருடம் கழித்து மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?"

கண்காணி | சனி, பிற்பகல் 4:15

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். களஞ்சியத்திலிருந்தும் உங்கள் தளத்திலிருந்தும் அவருடைய படத்தை நீக்க முடியும். அடுத்த பதிப்பில் அது இருக்காது. ஆனால் அதற்குள் எவரேனும் பதிவிறக்கியிருந்தால், அந்தப் பிரதியைத் திரும்பப் பெற யாராலும் முடியாது. பொதுவில் திறந்த தரவுக்கு இது தவிர்க்க முடியாத நிலை. திறக்கும் நாள் வரையுள்ள ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் முழுமையாக விலகிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படிவத்தில் இதைத் தமிழில், பெரிய எழுத்தில், தனிப் பத்தியாக எழுதுங்கள். முன்பே சம்மதித்த 48 பேருக்கும் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டி மறுபடி கேட்க வேண்டும். தொடர்புகொள்ள முடியாத ஒன்பது பேரின் தரவை வெளியிட வேண்டாம்.

வலைநெசவு | சனி, மாலை 6:50

பத்தியை எழுதிச் சேர்த்துவிட்டேன். அந்தப் பெரியவரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். மகளோடு பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறினார். மற்றவர்களையும் நாளை முதல் அழைக்கிறோம். திருத்திய படிவம் நெறிமுறைக் குழுவுக்குப் போய்விட்டது. வரும் வியாழக்கிழமை கூட்டம். அதுவரை தளம் மூடியே இருக்கும்.